மலை மிதிவண்டி ஓட்டம்

மலை மிதிவண்டி ஓட்டம் என்பது தார்ச்சாலையை விட்டு விலகி, மண்சாலைகளிலும் காட்டு வழிகளிலும் மலைச்சரிவுகளின் ஒற்றையடிப் பாதைகளிலும் மிதிவண்டி ஓட்டும் விளையாட்டும் பொழுதுபோக்கும் ஆகும். 1990ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள துராங்கோ நகரில் இதன் முதல் அதிகாரப்பூர்வ உலகப் போட்டி நடைபெற்றது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் வார இறுதியில் ஓர் ஊரைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி அருகிலுள்ள குன்றுக்குப் போய்வருவதே இதன் வழக்கமான வடிவம். இது தொடங்கியதும் அப்படித்தான்.

தோற்றம்

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டம் உள்ளது. அங்குள்ள 784 மீட்டர் உயரமான தமல்பைஸ் மலையும் அதைச் சூழ்ந்த குன்றுகளும் இவ்விளையாட்டின் பிறப்பிடமாகக் கருதப்படுகின்றன. (பெயரைக் கேட்டதும் தமிழ் நினைவுக்கு வரலாம்; ஆனால் இது அப்பகுதியின் பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் சொல். ‘மேற்கு மலை’ என்று பொருள்.)

1970களில் அங்கே சாலைப் பந்தயங்களில் பங்கேற்ற இளைஞர்கள் சிலர், பந்தயம் இல்லாத நாள்களில் பழைய மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு மலைக்குச் சென்றனர். 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, தடித்த டயர் கொண்ட கனமான வண்டிகள் அவை. ஷ்வின் நிறுவனத்தின் எக்செல்சியர் வகை வண்டியை விரும்பித் தேடினர். பழைய பொருள் கடைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் கிடந்தவற்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். கியர் கிடையாது. ஆகவே ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டோ சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டோ போய், இறக்கத்தில் ஓட்டி வந்தனர்.

ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரின் அருகே, காட்டுத்தீயின்போது தீயணைப்பு வண்டிகள் செல்வதற்காக மலையில் வெட்டப்பட்ட மண்சாலை ஒன்று உண்டு. ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவுக்குள் 400 மீட்டர் அளவுக்கு இறங்கும் சாலை அது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பழைய வகைப் பிரேக், பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருக்கும். அவ்வளவு இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் குடம் கொதித்து, உள்ளேயிருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் குடத்தைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ‘மறுபடி அடைத்தல்’ என்ற பொருளில் அந்தச் சாலைக்கு ‘ரீபேக்’ என்ற பெயர் நிலைத்தது.

யார் வேகமானவர் என்ற நண்பர்களின் வாக்குவாதத்தைத் தீர்க்க, 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று அங்கே முதல் போட்டி நடைபெற்றது. சார்லி கெல்லி இதை ஒழுங்குசெய்தார். ஆலன் பாண்ட்ஸ் வென்றார். ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பி, மேலும் கீழும் ஒரே நேரம் காட்டும் கடிகாரங்களை வைத்து அளந்தனர். அந்தச் சாலையில் பதிவான மிகக் குறைந்த நேரம் கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடி. ஜோ பிரீஸ் அதைவிட 2 விநாடி மட்டுமே கூடுதலாக எடுத்துக்கொண்டார். பெண்களில் வெண்டே கிராக் இக்குழுவுடன் மலையில் ஓட்டியதோடு, அக்காலத்து நிகழ்வுகளைப் புகைப்படங்களாகவும் பதிவு செய்தார். அப்படங்கள் இல்லையென்றால் இவ்வரலாற்றின் பெரும்பகுதி வாய்மொழிக் கதையாகவே போயிருக்கும்.

இது ஒரு குழுவின் தனிக் கண்டுபிடிப்பு என்று சொல்வது சரியாகாது. கலிபோர்னியாவின் குபர்டினோ ஊரைச் சேர்ந்த மோரோ டர்ட் கிளப் என்ற குழுவினர், தடித்த டயர் வண்டியில் கியரைப் பொருத்தி 1974இலேயே மரினில் நடந்த ஒரு போட்டிக்கு வந்திருந்தனர். கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் ஊரிலும் இதே போன்ற வண்டிகள் ஓடின. ஆஸ்பென் நகரிலிருந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் பேர்ல் கணவாயைக் கடந்து அவ்வூருக்கு வந்து பெருமை பேசியதற்குப் பதிலடியாக, 1976இல் உள்ளூர்க்காரர்கள் 3,872 மீட்டர் உயரத்திலுள்ள அக்கணவாய் வழியே மிதிவண்டியிலேயே ஆஸ்பெனுக்குச் சென்றனர். 1978இல் மரின் குழுவினர் சிலரும் அந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்டனர்.

வண்டியின் வளர்ச்சி

பழைய சட்டகங்கள் மலை இறக்கத்தின் அதிர்ச்சியைத் தாங்காமல் முறிந்தன. எனவே கெல்லி கேட்டுக்கொண்டதன் பேரில் ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு வண்டியைக் கட்டினார். அடுத்த ஆண்டுக்குள் மொத்தம் பத்து வண்டிகள் உருவாயின. அவற்றுள் முதலாவது இப்போது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 1979இல் கெல்லியும் ஃபிஷரும் டாம் ரிட்சி செய்த சட்டகங்களைக் கொண்டு ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் விற்பனை தொடங்கினர். அப்பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்யும் முயற்சி கைகூடாததால் அது எல்லாருக்கும் பொதுப்பெயராயிற்று. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வண்டி சந்தைக்கு வந்தபின், பொழுதுபோக்காக இருந்தது பெருந்தொழிலாக மாறியது. பின்னாளில் அதிர்வு தாங்கும் முன்கவை, தட்டுப் பிரேக், டியூப் இல்லாத டயர் ஆகியவை சேர்ந்தன.

வார இறுதி ஓட்டம்

உள்ளூர்க் குழுக்களின் ஓட்டம் பெரும்பாலும் ஞாயிறு காலையில் ஒரு தேநீர்க் கடையிலோ பாதையின் தொடக்கத்திலோ கூடுவதில் தொடங்கும். வழி தெரிந்த ஒருவர் முன்னே செல்வார். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருப்பார். அனுபவமுள்ள மற்றொருவர் கடைசியாக வருவார்; அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. பஞ்சர் ஆனவருக்கும் சங்கிலி அறுந்தவருக்கும் உதவுவது இந்தக் கடைசி ஆளின் வேலை. ஒரு குழுவின் தரத்தை அதன் வேகமான ஓட்டுநரை வைத்து அல்லாமல், இந்தக் கடைசி ஆளை வைத்தே மதிப்பிடலாம்.

புதியவர் முதலில் கற்பது காற்றைக் குறைப்பதை. சாலை வண்டிபோல் டயரைக் கல்லாக அடைத்துக்கொண்டு வந்தால் கற்களின்மேல் வண்டி துள்ளும், பிடிமானம் இருக்காது. சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 பவுண்டு அளவில் காற்று இருந்தால் டயர் கல்லைத் தழுவிக்கொண்டு ஏறும். இறக்கத்தில் இருக்கையை விட்டு எழுந்து, இரு பெடல்களையும் சமமட்டத்தில் வைத்து, உடலைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முன்பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடித்தால் வண்டி நின்றுவிடும், ஓட்டுநர் நிற்கமாட்டார். பார்வை முன்சக்கரத்தில் அல்லாமல் பல மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். மரத்தையே பார்த்துக்கொண்டு போனால் வண்டியும் மரத்தை நோக்கியே போகும்.

பாதை யாருடையது?

வண்டியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம், பாதையை அப்படி வாங்க முடியாது. இப்பொழுதுபோக்கின் மிகப் பெரிய சிக்கல் இதுவே.

தமல்பைஸ் மலையின் பாதைகள் பல, மிதிவண்டிக்காரர்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடைபயணிகளின் முயற்சியால் உருவானவை. அம்மலையைக் காப்பதற்கான தமல்பைஸ் பாதுகாப்புக் கழகம் 1912இல் தொடங்கப்பட்டது. 1970களின் இறுதியில் வளைவுகளில் திடீரெனத் தோன்றும் மிதிவண்டிகளைக் கண்டு நடப்பவர்களும் குதிரைமேல் செல்பவர்களும் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே: முதியவர் ஒருவருக்கும் 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கும் நடுவே, ஓரடி அகலப் பாதையில் ஒதுங்க இடமில்லை. மலையின் பெரும்பகுதியை நிர்வகிக்கும் மரின் நீர் வாரியம் தன் ஒற்றையடிப் பாதைகளை மிதிவண்டிக்கு மூடி, அகன்ற மண்சாலைகளில் மட்டும் அனுமதி அளித்தது. அச்சாலைகளிலும் மணிக்கு 15 மைல், அதாவது ஏறத்தாழ 24 கி.மீ. என்ற வேக வரம்பு உண்டு. எதிரே வருவது தெரியாத வளைவுகளில் 5 மைல்தான். விளையாட்டு பிறந்த இடத்திலேயே அதன் சுவையான பகுதிக்கு வழி அடைபட்டது.

‘சக்கரம் மண்ணை அரிக்கிறது’ என்பது தடைக்குச் சொல்லப்பட்ட மற்றொரு காரணம். 1994இல் வெளியான மொன்டானா மாநில ஆய்வொன்று, மலைப்பாதைகளில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்புகளும் நடப்போர் கால்களும் அதிக மண்ணைப் பெயர்த்ததாகக் கண்டது. ஆனால் இதைக் காட்டிச் சக்கரத்தால் கேடில்லை என்று வாதிடுவது பயன் தராது. மழை பெய்து ஊறிய பாதையில் ஓட்டினால் சக்கரத் தடம் நீண்ட வாய்க்காலாகிறது. அடுத்த மழை அவ்வாய்க்கால் வழியே மண்ணைக் கொண்டுபோய்விடுகிறது. நல்ல குழுக்கள் மழைக்குப் பின் பாதை காயும்வரை ஓட்டத்தைத் தள்ளிவைப்பது இதனால்தான்.

நாடுகளுக்கிடையே சட்டமும் வேறுபடுகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டியை அனுமதித்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும்வரை பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையை மிதிவண்டிக்காரர்களுக்கும் வழங்குகிறது. அமெரிக்காவில் ‘வனாந்தரம்’ என அறிவிக்கப்பட்ட காடுகளில் மிதிவண்டிக்கு இடமில்லை.

பாதை பராமரிப்பு

1988இல் கலிபோர்னியாவின் ஐந்து உள்ளூர்க் கழகங்கள் சேர்ந்து பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தை உருவாக்கின. அச்சங்கம் பரப்பிய விதிகள் எளியவை: திறந்த பாதையில் மட்டும் ஓட்டு, தடயம் விடாதே, வண்டியைக் கட்டுப்பாட்டில் வை, பிறருக்கு வழிவிடு, விலங்குகளை வெருட்டாதே, திட்டமிட்டுப் புறப்படு. விதிகளைவிட அதிகமாக நில நிர்வாகிகளின் மனத்தை மாற்றியது, கழகத்தினர் மண்வெட்டியோடு வந்து நின்றதே எனலாம்.

பாதை வெட்டுவதில் நீர்தான் முதல் எதிரி. மலைச்சரிவில் நேர்கீழாக இறங்கும் பாதை மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். எனவே சரிவுக்குக் குறுக்கே, மலையின் மட்டத்தைத் தழுவியபடி பாதை அமைய வேண்டும். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மலை 100 மீட்டருக்கு 16 மீட்டர் இறங்கினால் பாதை 100 மீட்டருக்கு 8 மீட்டருக்குள் இறங்க வேண்டும். பாதையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் நீர் பாதையில் ஓடாமல் குறுக்கே கடந்துவிடும். அங்கங்கே இறக்கத்தின் நடுவே ஒரு சிறு ஏற்றம் வைத்தால் தேங்கிய நீரும் அங்கே வெளியேறும். ஓட்டுபவரின் வேகமும் தானே குறையும். ஒருபுறம் கோடரி வாயும் மறுபுறம் கொத்து வாயும் கொண்ட புலாஸ்கி என்ற கருவி இவ்வேலைக்குப் பயன்படுகிறது. அது காட்டுத்தீ அணைப்போருக்காக உருவானது.

பள்ளி மாணவர்கள்

1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் மாட் ஃபிரிட்சிங்கர் மாணவர்களைச் சேர்த்து மலை மிதிவண்டி அணி ஒன்றை அமைத்தார். அதிலிருந்து 2001இல் வட கலிபோர்னியப் பள்ளிகளுக்கான போட்டி அமைப்பும், 2009இல் நாடு தழுவிய அமைப்பும் தோன்றின. பிற பள்ளி விளையாட்டுகளில் திறமை குறைந்த மாணவர் மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார்ந்திருப்பார். இதில் அப்படி யாரும் உட்காரவைக்கப்படுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மாணவர்களும் பாதைப் பணியில் பங்கேற்கின்றனர்.

இன்றைய மரின்

2015இல் ஃபேர்ஃபாக்ஸில் மரின் மிதிவண்டி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கிரெஸ்டட் பியூட்டிலிருந்த மலை மிதிவண்டிப் புகழ்க்கூடமும் இங்கே இடம்பெயர்ந்தது. அகன்ற சாலை என்பதால் ரீபேக்கில் இன்றும் மிதிவண்டி ஓட்டலாம். அவ்வூரை அடுத்துச் சாரணர் இயக்கத்துக்குச் சொந்தமான தமராஞ்சோ என்ற முகாம் நிலம் இருக்கிறது. அங்கே அனுமதிச்சீட்டு பெற்றவர்கள் ஒற்றையடிப் பாதைகளிலும் ஓட்டுகின்றனர். அப்பாதைகளைச் சீர்செய்யும் நாள்களில் தன்னார்வலர்களாக வருபவர்களும் அவற்றில் ஓட்டுபவர்களே.