சமைக்காத உணவு முறையில் வாழைப்பழம்

சமைக்காத உணவு முறை என்பது நெருப்பில் வேகவைக்காத காய், கனி, கொட்டை, முளைகட்டிய பயறு ஆகியவற்றை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ உண்ணும் பழக்கம் ஆகும். தமிழ்நாட்டில் இது 'இயற்கை உணவு' என்ற பெயரில் அறியப்படுகிறது. தென்காசி மாவட்டம் சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமத்தை நடத்திய இராமகிருஷ்ணன், தேங்காயையும் வாழைப்பழத்தையும் இம்முறையின் முதன்மை உணவுகளாகப் பரப்பினார். எளிதில் கிடைப்பதாலும் பசி தாங்குவதாலும் வாழைப்பழம் இவ்வுணவு முறைக்குப் பொருத்தமானதே. ஆனால் அதை மட்டுமே நம்பி வாழ முடியாது.

பழுத்தலும் செரிமானமும்

வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மாவுச்சத்து உள்ளது. அது பச்சையாக எளிதில் செரிக்காது, துவர்க்கவும் செய்யும். எனவே காயை வேகவைத்தே உண்கிறோம். பழுக்கும்போது இந்த மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. அதனால் பழத்துக்குச் சமையல் தேவையில்லை. வெப்பத்தால் குறையும் உயிர்ச்சத்து சி, பி6 ஆகியவையும் வீணாவதில்லை. வாழைத்தண்டையும் பச்சையாகச் சாறாகவோ, நறுக்கி ஊறவைத்த பாசிப்பருப்புடன் கலந்தோ உண்ணலாம். வாழைக்காய் வறுவல் எண்ணெயில் பொரிக்கப்படுவதால் இம்முறையில் சேராது.

வாழைத்தார்களை மூடிய அறையில் வைத்துப் புகைமூட்டம் போடுவது பழைய வழக்கம். புகையில் உள்ள எத்திலீன் வாயுவே காயைப் பழுக்க வைக்கிறது. பழம் வேகும் அளவுக்கு வெப்பம் ஏறுவதில்லை. எத்திலீன் வாயுவை வரையறுத்த அளவில் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. கால்சியம் கார்பைடு கல் தடை செய்யப்பட்டுள்ளது.

சத்துக் கணக்கு

100 கிராம் வாழைப்பழச் சதையில் ஏறத்தாழ 89 கலோரி ஆற்றல், 23 கிராம் மாவுப்பொருள், 1.1 கிராம் புரதம், 2.6 கிராம் நார்ச்சத்து, 358 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளன.

ஒருவர் ஒரு நாளில் 1 கிலோ வாழைப்பழச் சதையும் 200 கிராம் தேங்காயும் உண்கிறார் என்று கொள்வோம். அவருக்குச் சுமார் 1,600 கலோரி கிடைக்கும், வயிறும் நிறையும். ஆனால் புரதம் 18 கிராம் அளவே கிடைக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. சுண்ணாம்புச் சத்து 80 மில்லிகிராமைக்கூட எட்டாது. தேவையோ 1,000 மில்லிகிராம். உயிர்ச்சத்து பி12 இவ்விரண்டு உணவிலும் இல்லை.

உயிர்ச்சத்து பி12 குறைபாடு உடனே வெளிப்படாது. உடலின் இருப்பு கரையச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் தொடக்கத்தில் உடல் இலேசாக இருப்பதாக உணர்பவர், பின்னாளில் கைகால் மரத்துப்போதல், சோர்வு, இரத்தசோகை ஆகியவற்றுக்கு ஆளாகலாம்.

ஆய்வு காட்டுவது

ஜெர்மனியில் கீசன் ஆய்வு என்ற பெயரில், நெடுங்காலம் சமைக்காத உணவு உண்டவர்கள் ஆராயப்பட்டனர். 2005இல் வெளியான முடிவில், 201 பேரில் 38 விழுக்காட்டினருக்கு உயிர்ச்சத்து பி12 குறைபாடு இருந்தது. அவர்களிடம் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறைவாக இருந்தது நன்மை. 1999இல் வெளியான முடிவில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் தடைப்பட்டோ முற்றிலும் நின்றோ இருந்தது. உடல் எடை மிகவும் குறைவதோடு இது தொடர்புடையது.

நெய்வேலி வட்டாரத்தில் துணை உணவுகள்

வாழைப்பழத்தின் குறையை ஈடுசெய்யும் உணவுகள் கடலூர் மாவட்டத்திலேயே விளைகின்றன. விருத்தாசலம் பகுதி நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவு புரதம் உண்டு. அதை ஊறவைத்தோ முளைகட்டியோ உண்ணலாம்; பூசணம் பிடித்த கடலையை நீக்கிவிட வேண்டும். எள் சுண்ணாம்புச் சத்து தரும். பண்ருட்டிப் பலா பருவத்தில் வாழைக்கு மாற்றாகும். கடையில் 'பச்சை' என்று விற்கப்படும் முந்திரிப் பருப்பு உண்மையில் பச்சையானதன்று. தோட்டில் உள்ள எரிச்சலூட்டும் எண்ணெய் காரணமாகக் கொட்டையை வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் உடைக்கிறார்கள். உயிர்ச்சத்து பி12ஐப் பாலிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ பெறலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதிகப் பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும் பொட்டாசியத்தை உடலில் தேக்கும். நீரிழிவு உள்ளவர்கள் வாழைப்பழத்தை உணவாகக் கொண்டால் சர்க்கரை அளவு கூடும். மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் குழந்தைகள் பழங்களை மட்டும் உண்ணும் முறையைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் நாளுக்கு ஒன்றிரண்டு பழங்களைப் பல்வகை உணவுகளோடு சேர்த்து உண்பதில் தடையில்லை.