மேடைக் கவிதையைப் படமாகத் தொகுத்தல்

ஏட்டில் படிப்பதற்காக அன்றி, அவையின் முன் குரலாலும் உடலாலும் நிகழ்த்துவதற்கென்றே கவிதை செய்பவரை நிகழ்த்துகவிஞர் என்பர். பாணர் மரபையும் கவியரங்கையும் அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. அமெரிக்காவில் மார்க் ஸ்மித் தொடங்கி, 1986 முதல் சிகாகோவின் கிரீன் மில் இசைக்கூடத்தில் நடைபெற்றுவரும் ‘ஸ்லாம்’ என்னும் கவிதைப் போட்டி, பின்னர் மூன்று நிமிட வரம்புடன் பல நாடுகளுக்கும் பரவியது. பெங்களூருவில் இன்று புத்தகக் கடைகளிலும் சிற்றரங்குகளிலும் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் இவ்வகைக் கவிதை ஒலிப்பதால், ஊடகக் கல்வி பயிலும் மாணவர்கள் இக்கவிஞர்களைப் பற்றிக் குறும் ஆவணப்படம் எடுக்க விழைவது இயல்பே. படப்பிடிப்பு ஓரிரு மாலைகளில் முடிந்துவிடக்கூடும். உண்மையான சோதனை தொகுப்பில்தான் தொடங்குகிறது.

இத்துறையில் பின்பற்றத்தக்க முன்மாதிரி பெங்களூருவிலேயே உண்டு. எலகங்காவில் உள்ள சிருஷ்டி கலை, வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தைச் சார்ந்து, திரைப்பட இயக்குநர் சப்னம் விர்மானி 2003இல் கபீர் திட்டத்தைத் தொடங்கினார். பக்திக் கவிஞர் கபீரின், வாய்மொழியாகவும் வாழ்ந்துவரும் பாடல்களைத் தேடி மால்வா, ராஜஸ்தான், பாகிஸ்தான் வரை சென்று திரட்டிய பதிவுகளிலிருந்து ‘ஹத் அன்ஹத்’, ‘சலோ ஹமாரா தேஸ்’, ‘கோயி சுன்தா ஹை’, ‘கபீரா கடா பஜார் மேன்’ என்னும் நான்கு ஆவணப்படங்கள் உருவாயின. அவற்றைக் கவிஞரின் வாழ்க்கை வரலாறாகவோ, ஊர்வாரியான பயணக் குறிப்பாகவோ அடுக்காமல், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வியை அச்சாக வைத்துப் பிரித்ததே அத்தொகுப்பின் சிறப்பு. மத்தியப் பிரதேசத்தின் லுன்யாகேடி ஊரைச் சேர்ந்த பாடகர் பிரகலாத் சிங் திபான்யா, ஒரு படத்தில் அமெரிக்க அறிஞர் லிண்டா ஹெஸ்ஸின் நண்பராகவும், மற்றொன்றில் கபீர்பந்த் என்னும் சமய அமைப்புக்கும் அதன் சடங்குகளை ஏற்காதவர்களுக்கும் இடையே நின்று தவிப்பவராகவும் வெளிப்படுகிறார். படங்களில் இடம்பெற இயலாத பாடல்களும் வீணாகவில்லை. அவை ஒலிவட்டுகளாகவும் மொழிபெயர்ப்புடன் கூடிய நூல்களாகவும், பின்னர் ‘அஜப் ஷஹர்’ என்னும் இணையக் களஞ்சியமாகவும் வெளிவந்தன. நல்ல பதிவை வெட்ட மனம் வராமல் படத்தை நீட்டிவிடும் மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் அரிது.

இனி, தொகுப்பு மேசைக்கு வருவோம். நேர்காணலைத் தொகுக்கும் பழக்கத்தில் மூச்சையும் தயக்கத்தையும் நீக்கிச் சொற்களை நெருக்கமாக அடுக்குவது வழக்கம். அதே கை கவிதையைத் தொட்டால் கவிதை சிதைந்துவிடும், ஏனெனில் நிகழ்த்துகவிஞரின் இடைநிறுத்தம் சொல்லுக்கு நிகரான உறுப்பாகும். கவியரங்கில் ஒரு வரியை இருமுறை சொல்வதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்: முதல் முறை அவை பொருளை வாங்கிக்கொள்கிறது, இரண்டாம் முறை அதைச் சுவைக்கிறது, மிகையென்று கருதி ஒன்றை நீக்கினால் அடுத்து எழும் கைத்தட்டலுக்குக் காரணமே இல்லாமல் போகும். ஒரே கவிதையை இரண்டு மேடைகளில் பதிவுசெய்து, முதல் பாதியை ஒன்றிலிருந்தும் மறுபாதியை மற்றொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டுவதும் பெரும்பாலும் பொருந்துவதில்லை, ஏனெனில் வேகமும் குரலின் ஏற்ற இறக்கமும், சில வேளைகளில் சொற்களுமே அவைக்கு அவை மாறும். ஆகவே ஒரு நிகழ்வின் ஒலியை முதுகெலும்பாகக் கொண்டு, அதை அறுக்காமல் ஓடவிட்டு, காட்சியை மட்டும் அவையோரின் முகத்துக்கோ கவிஞரின் கைக்கோ மாற்றுவதே தக்க முறை. அடுத்த காட்சியின் ஒலியை முந்திக் கேட்கச் செய்து காட்சியைப் பின்னர்க் காட்டும் ‘ஜே கட்’ என்னும் உத்தி, நேர்காணலிலிருந்து மேடைக்குச் செல்லும் இடத்தில் நன்கு உதவும். கடைசிச் சொல்லுக்கும் கைத்தட்டலுக்கும் இடைப்பட்ட அமைதியை ஒருபோதும் வெட்டலாகாது.

பல மொழியினர் கூடி வாழும் பெங்களூருவில் துணைத்தலைப்பும் தொகுப்பின் பகுதியே. தமிழிலும் கன்னடத்திலும் வினைச்சொல் பெரும்பாலும் இறுதியில் வருவதால், முழு வாக்கியத்தின் ஆங்கில வடிவத்தை ஒரே தடவையில் காட்டினால், கவிஞர் இன்னும் சொல்லாத முடிவைத் திரை முன்கூட்டியே சொல்லிவிடும். வாக்கியத்தைத் துண்டாக்கி, திருப்பம் தரும் சொல்லைக் குரல் வரும் கணம்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

பத்து நிமிடப் படமாயினும் ஒரு கவிதையேனும் தொடக்கம் முதல் முடிவுவரை முழுமையாக ஒலிக்க வேண்டும் என்பதை விதியாகவே கொள்ளலாம். அதற்கு மூன்று நிமிடம் போனால், கவிஞரின் பள்ளிப் பருவத்தையும் விருதுகளையும் பற்றிய பேச்சைக் குறைத்துக்கொள்வதில் இழப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த முழுக் கவிதை கவிஞரின் உடைமை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கு வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. நிகழ்த்தியவருக்குத் தனியே 50 ஆண்டு உரிமை உண்டு. நிகழ்த்துகவிஞர் இவ்விரு உரிமைகளையும் உடையவர். ஆதலால் படத்தைப் பொதுவெளியில் திரையிடுவதற்கு முன், தொகுத்து முடித்த வடிவத்தை அவருக்குக் காட்டி, எழுத்துவழி இசைவு பெற்றுக்கொள்வது மாணவரின் கடமை.