முன் பிரேக்கைத் தொடாதே!

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுந்திடுவே!"

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் சைக்கிள் பழகிய பலரின் காதில் இந்த எச்சரிக்கை இன்னும் ஒலிக்கும். அப்பாவோ மாமாவோ இருக்கையைப் பிடித்தபடி பின்னால் ஓடிவந்து சொன்ன சொல் அது. சமதரையில், மெதுவான ஓட்டத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால், அதே பழக்கத்தோடு ஒருவர் புக்கிட் தீமா காட்டுப்பாதையிலோ கோலாலம்பூரின் புக்கிட் கியாரா சரிவிலோ இறங்கினால், காப்பாற்றச் சொன்ன அறிவுரையே ஆபத்தாகிவிடும்.

காரணம் எளிது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின்சக்கரத்தில் பாரம் குறைகிறது. அப்போது பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டே போகும், வண்டி நிற்காது. வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. அதைத் திடீரென இறுக்கினால் ஓட்டுபவர் தூக்கியெறியப்படுவார் என்பதும் உண்மையே. எனவே, தேவைப்படுவது பயமும் அல்ல, அசட்டுத் துணிச்சலும் அல்ல. அளவாகப் பிடிக்கப் பழகிய விரல்.

இந்த விளையாட்டின் வரலாறும் பிரேக்கோடு பின்னிப் பிணைந்ததே. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்து இளைஞர்கள் 1970களில் பழைய கனமான சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் உருட்டிவிட்டார்கள். 1976இல் அங்கு தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் சூடேறி, அதிலுள்ள கிரீஸ் எரிந்துபோகும். மீண்டும் கிரீஸ் நிரப்பினால்தான் அடுத்த ஓட்டம். அப்படி மறுபடி நிரப்புவதையே அந்தப் பெயர் குறிக்கிறது. இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் இடம்பிடித்தது.

முதல் நாள் பாடம்

பயிற்சிக்குச் செல்லும் பலருக்கு முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும். மலையும் இல்லை, காடும் இல்லை. ஒரு புல்வெளி, சில பிளாஸ்டிக் கூம்புகள், அவ்வளவுதான். "எனக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியுமே?" என்று மனம் கேட்கும். தெரியும் என்ற அந்த நினைப்பைக் களைவதுதான் பயிற்றுவிப்பாளரின் முதல் வேலை.

முதலில் நிற்கும் முறை. இருக்கையைத் தாழ்த்தி, இரண்டு பெடல்களையும் தரைக்கு இணையாக வைத்து, எழுந்து நிற்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க வேண்டும். குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். உடலின் எடை கையில் அல்ல, காலில் இறங்க வேண்டும். கால் மடங்கியிருந்தால் அதுவே ஸ்பிரிங்போல் செயல்பட்டு, கல் மீது ஏறும் வண்டியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது பிரேக். எந்தக் கைக்கு எந்தச் சக்கரம் என்பது வண்டிக்கு வண்டி மாறலாம். ஏறும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே விரலால், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, தரையில் போட்ட கோட்டில் நிறுத்திப் பழக வேண்டும். பத்து முறை, இருபது முறை. சலிப்புத் தட்டும்தான். ஆனால், சரிவில் யோசிக்க நேரம் கிடைக்காது. விரல் தானாகவே செய்தாக வேண்டும்.

மூன்றாவது பார்வை. வேரைப் பார்த்தால் வண்டி வேரை நோக்கியே போகும். எனவே, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவு முடியும் இடத்தில் கண்ணை வைக்க வேண்டும். மழைக்குப் பின் நம் காடுகளில் நனைந்த வேர்கள் சோப்புப்போல வழுக்கும். அவற்றை நேராகக் கடக்க வேண்டும். அவற்றின் மேல் இருக்கும்போது பிரேக்கை இறுக்கக் கூடாது.

பயிற்றுவிப்பாளர் எதற்கு?

இவையெல்லாம் காணொளிகளிலும் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன. ஆனால், குதிகாலைத் தாழ்த்திவிட்டதாக ஓட்டுபவர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் விரல்நுனியில் நின்றுகொண்டிருப்பார். தன் தவறு தனக்குத் தெரியாது. அருகில் நிற்பவர் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் திருத்துவார். பத்துத் தவறுகளை ஒரே நேரத்தில் சொல்பவர் நல்ல பயிற்றுவிப்பாளர் அல்லர்.

பிறகு பயிற்சி. வாரத்தில் சில நாள், இருபது நிமிடம், ஒரு திறன் போதும். சிங்கப்பூரின் செஸ்நட் இயற்கைப் பூங்காவில் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் உள்ளன. புலாவ் உபினில் 2008இல் திறக்கப்பட்ட கெத்தாம் பூங்காவில் பாதையின் கடினம் குறியீடுகளால் காட்டப்படுகிறது. நீலச் சதுரத்தைவிடக் கறுப்பு வைரம் கடினமானது. புதிய சரிவு எதுவானாலும் முதலில் இறங்கி நடந்து பார்ப்பதில் வெட்கம் இல்லை. அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள். தலைக்கவசம் இல்லாமல் எந்தப் பாதையும் வேண்டாம்.

பிள்ளை காட்டுப்பாதைக்குப் போக ஆசைப்பட்டால், பயந்து தடுக்கவும் வேண்டாம், புதுச் சைக்கிளை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடவும் வேண்டாம். முதலில் ஒரு புல்வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். "முன் பிரேக்கைத் தொடாதே" என்பதற்குப் பதிலாக, "மெதுவாப் பிடிச்சுப் பழகுப்பா, போற இடத்தைப் பாரு" என்று சொல்லிக்கொடுங்கள்.