வளைகுடா நாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது?

குளச்சல், முட்டம், தூத்தூர், வள்ளவிளை என்று குமரிக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும், வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் ஒருவரின் வீடு அங்கே இருக்கும். கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்கு அழைத்துவந்த 687 பேரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர்கள். குமரிக்காரர்களும் அதில் பலர்.

இப்படி வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவருக்குப் பாஸ்போர்ட் தொலைந்தால், முதலில் உள்ளூர் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். புகாரின் நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். இக்காமா, அதாவது குடியிருப்பு அனுமதி, காலாவதியாகிவிட்டதே, பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறவர்கள் நேராகத் தூதரகத்துக்கே போகலாம். நாள் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

வேலையில் தொடர்வதானால், தூதரகத்திலேயே புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஊருக்குத் திரும்புவதானால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். வளைகுடாவில் அதற்கு ‘அவுட்பாஸ்’ என்றே பெயர். இந்தியாவுக்கு வர மட்டும்தான் அது செல்லும். அவுட்பாஸ் கையில் இருந்தாலும் அந்த நாட்டின் வெளியேறும் அனுமதி வேண்டும். சவூதியில் ‘ஹுரூப்’, அதாவது வேலையை விட்டு ஓடிப்போனார் என்ற பதிவு இருந்தால், முதலில் அதைத் தீர்த்தாக வேண்டும்.

தொலைந்தது வேறு, அர்பாப், அதாவது முதலாளி, பூட்டி வைத்திருப்பது வேறு. பாஸ்போர்ட் அர்பாபின் அலமாரியில் இருக்கும்போது, தொலைந்துபோனதாகப் புகார் எழுதக் கூடாது. அது பொய்ப் புகாராகிப் புகார் கொடுத்தவர் மேலேயே திரும்பும். உள்ளதை உள்ளபடி தூதரகத்தில் சொல்ல வேண்டும். நம் 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. அதைப் பிடுங்கி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. கத்தார் தன் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 25,000 ரியால் வரை அபராதம் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் நம் ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு, கேட்கப் பயந்து வருடக்கணக்கில் கிடப்பது மனதைப் பிசைகிறது. வீட்டில் இருப்பவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் ஊரிலிருந்தே புகார் பதியலாம்.

புறப்படும் முன்பே பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். படம் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்தால் போதாது. பெற்றோர் பெயர், முகவரி, கோப்பு எண் எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த விவரங்கள் கையில் இருந்தால் ஆளை உறுதிசெய்யும் வேலை தூதரகத்துக்குச் சுலபம். விசா பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து மனைவிக்கோ தம்பிக்கோ வாட்ஸாப்பில் அனுப்பி வைக்கலாம்.

புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் படகின் ஏதோ ஒரு மூலையில் கிடைக்கலாம். அதை வைத்துப் பயணம் செய்யக் கூடாது. தொலைந்ததாகச் சொன்ன உடனே அது ரத்தாகிவிடும். தொலைந்த, திருடுபோன பாஸ்போர்ட்டுகளுக்கு இன்டர்போல் 2002 முதல் தனித் தரவுத்தளம் வைத்திருக்கிறது. அந்த எண் அதில் ஏறியிருந்தால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கிடைத்ததைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.