அதே கோப்பை, வேறு காலம்

ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இறுதியில் அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியப் பையன் ஆஷ்லி கூப்பர், நான்கே வருடத்தில் பெரியவர்களின் விம்பிள்டனையே ஜெயித்துவிட்டார். கிருஷ்ணன் 1960-லும் 61-லும் அரையிறுதி வரை போனார். முதல் முறை நீல் ஃப்ரேஸர், அடுத்த முறை ராட் லேவர் மறித்தார்கள். இருவருமே அந்தந்த வருடச் சாம்பியன்கள்.

அதற்கு முன்பே, 1959-இல், அவருக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. அன்றைய சட்டம் விசித்திரமானது. காசு வாங்கி ஆடுகிறவர் விம்பிள்டனில் கால் வைக்க முடியாது. டேவிஸ் கோப்பையும் கிடையாது. அமெரிக்கரான ஜாக் கிரேமர் நல்ல ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் போட்டு, ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஆட வைப்பார். கிருஷ்ணனுக்கு அவர் பேசியது மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர். அப்போது ஒரு டாலர் ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஏழு லட்சத்துக்கு மேல் வருகிறது. கிருஷ்ணன் வேண்டாமென்றார். வாங்கியிருந்தால் அந்த இரண்டு அரையிறுதிகளும் இல்லை, 1966-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனபோது அணியில் அவரும் இல்லை.

1968-இல் அந்தத் தடை நீங்கியது. கிருஷ்ணனுக்கு அது தாமதம். மகன் ரமேஷுக்கு அப்போது வயது ஏழு.

இங்கே ஆரணியில் தறியில் ஒரு பாவு தீர்ந்தால், பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். தாத்தா டி.கே. ராமநாதனின் பாடமும் அப்பாவின் ஆட்டமும் ரமேஷிடம் அப்படித்தான் வந்து சேர்ந்தன. மென்மையான கை, இடம் பார்த்து வைக்கும் பந்து. கூடவே அந்தச் சோப்ளாங்கி சர்வும்!

1979-இல் ரமேஷ் பிரெஞ்சு ஜூனியர், விம்பிள்டன் ஜூனியர் இரண்டையும் வென்றார். அப்பா தூக்கிய கோப்பை, 25 வருடம் கழித்து. ஆனால் ஜூனியர் கோப்பைக்குப் பெரியவர்களின் தரவரிசையில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கீழேயிருந்துதான் ஏற வேண்டும். ஃப்ளோரிடாவில் ஹாரி ஹாப்மனிடம் பயிற்சி எடுத்தார். 1981-இல் மணிலாவில் முதல் தொழில்முறைப் பட்டம். அதே வருடம் அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் எதிரே ஜான் மெக்கன்ரோ. முதல் செட்டை டை-பிரேக்கில் ரமேஷ் பறித்தார். இரண்டாவதும் டை-பிரேக் வரை போய்க் கைநழுவியது. அடுத்த இரண்டையும் மெக்கன்ரோ எடுத்துக்கொண்டார்.

ரமேஷ் தொட்ட உச்சம் 1985-இல் உலகின் 23-ஆம் இடம். ‘அந்த சர்வ் மட்டும் நன்றாக இருந்திருந்தால்’ என்று நம்மவர்கள் இன்னமும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேட்டெல்லாம் கிராஃபைட்டாகி, பந்தை அடித்து நொறுக்குவதே ஆட்டம் என்றாகிவிட்ட காலம் அது. அந்தக் காலத்தில், அந்த சர்வை வைத்துக்கொண்டே எட்டுப் பட்டம் வென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், முந்தைய வருடச் சாம்பியனும் அன்றைய முதலிடக்காரருமான மேட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வெளியேற்றினார்.

அடுத்த வருடமே அதே விம்பிள்டன் ஜூனியர் கோப்பையை இன்னொரு இந்தியப் பையன் வென்றான். மதராஸில் அமிர்தராஜ் அகாடமியில் தேறியவன், பெயர் லியாண்டர் பயஸ். அவன் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)