புலாவ் உபின்: இருவாச்சிக்கு வீடு கிடைத்த கதை

சிங்கப்பூரில் ஒரு முழு நாள் கையில் இருக்கு, குழந்தைகளையும் பெரியவங்களையும் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போகணும் என்றால், நான் சொல்வது புலாவ் உபின் தீவுதான். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். கால் மணி நேரத்துக்குள் அக்கரை. போன முறை நான், மனைவி, மகள், அம்மா என நாலு பேராகப் போனோம். காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும், நம்ம வீட்டுக் கூட்டமும்தான்.

அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது கருப்பு வெள்ளை இருவாச்சி. நம்ம ஊரில் இருவாச்சி பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலை ஏறணும். உபினில் அது தலைக்கு மேலேயே உட்கார்ந்து கத்தும். அதைப் பார்த்ததும் அம்மா கேட்ட கேள்வி: "இவ்வளவு பெரிய மூக்கை வச்சுக்கிட்டு இது எப்படிக் கூடு கட்டும்?"

கட்டாது என்பதுதான் பதில். மரங்கொத்தி மாதிரி மரத்தைக் குடையவும் அதற்கு வராது. அலகின் மேல் உள்ள அந்தக் கொம்பு, பார்க்கத்தான் கனம். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். அதனால் வயதான பெரிய மரத்தில் இயற்கையாக விழுந்த பொந்து வேண்டும். பெண் பறவை அதற்குள் போய், மண்ணும் எச்சமும் உணவு மிச்சமும் சேர்த்துப் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். குஞ்சுகள் பறக்கத் தயாராகும் வரை, கிட்டத்தட்ட மூன்று மாதம், ஆண் பறவைதான் பழமும் பூச்சியும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அது செத்துப்போனால் உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

இப்போது தீவைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். உபின் கருங்கல்லுக்குப் பேர்போன இடம். மலையைக் குடைந்த குவாரிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. மீதி நிலத்தில் ரப்பர் போட்டார்கள். பழைய காடு போனது, பொந்துகளும் போயின. சிங்கப்பூரிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன இந்தப் பறவை, 1994இல் ஒரு ஜோடியாக உபினில் மறுபடி தென்பட்டது. சாப்பிடப் பழம் கிடைத்தது. குடியேற வீடுதான் இல்லை.

அதனால் 2004 வாக்கில் ஆய்வாளர்களும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து மரங்களில் செயற்கைக் கூடுகளை மாட்டினார்கள். சிலவற்றுக்குள் கேமராவும் வைத்தார்கள். பறவைகள் குடிவந்தன, பெருகின. இன்று சிங்கப்பூரின் முக்கியத் தீவில் குடியிருப்புப் பகுதிகளுக்கும் வந்துவிட்டன. கேமரா வேறொன்றையும் காட்டியது: முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. கடைசியாகப் பொரித்த நோஞ்சான் குஞ்சைச் சில சமயம் தாயே கொன்றுவிடுகிறது. இதை மகளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், சொன்னேன். "பாவம்" என்றாள், பிறகு "சாப்பாடு பத்தலையோ?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

மதியத்துக்கு மேல் செக் ஜாவாவுக்குப் போங்கள். கடலோர நடைபாலமும் சதுப்புநிலமும் உள்ள இந்த இடத்தையும் மண் கொட்டி மூடுவதாக இருந்தது. மக்கள் குரல் எழுப்பியதால் 2001 டிசம்பரில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். ரத்து இல்லை, தள்ளிவைப்புதான்.

செயற்கைக் கூட்டையும் அப்படித்தான் பார்க்கணும். அது வாடகை வீடு. மாட்டவும் பழுதுபார்க்கவும் ஆள் இருக்கும் வரைதான் ஓடும். இருவாச்சி நுழையும் அளவுக்குப் பொந்து விழ, ஒரு மரம் பல தலைமுறை நிற்க வேண்டும். இருவாச்சி தின்று துப்பும் விதைகளில் சில அப்படிப்பட்ட மரமாகலாம், நாம் வெட்டாமல் விட்டால்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காதீர்கள், காட்டுப்பன்றி தூக்கிவிடும். கூடு கண்ணில் பட்டால் தள்ளி நின்று பாருங்கள். நாம் பக்கத்தில் நின்றால் சாப்பாட்டோடு வரும் ஆண் பறவை கிட்டே வராது, உள்ளே பசியோடு காத்திருப்பார்கள்.