பச்சைச் சுடரும் இதயத் துடிப்பும்

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக்குரிய வேதிப்பொருட் கலவையை 'மருந்து' என்றே அழைப்பர். நோயைத் தீர்ப்பதும் மருந்து; வாணத்தில் நிறைப்பதும் மருந்து. இந்த இரண்டாம் மருந்து வயிற்றினுள் சென்றால் இதயத் துடிப்பு என்னவாகும், அவ்வபாயத்தைச் சிறிதளவு இரத்தம் எங்ஙனம் அறிவிக்கும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வாணத்திற்குப் பச்சை நிறம் தருவது பேரியம் என்னும் உலோகத்தின் உப்பு. கம்பி மத்தாப்பிலும் பேரியம் நைட்ரேட் நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்தது. காற்று மாசைக் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. தடை மீறப்படுவது கண்டு 2021-இல் மீண்டும் வலியுறுத்தியது.

எக்ஸ்ரே எடுக்குமுன் பேரியம் கலந்த நீரைப் பருகத் தருகின்றனரே என்று ஐயுறலாம். அது பேரியம் சல்பேட், நீரில் கரையாது, ஆதலின் உடலில் ஏறாது. நைட்ரேட்டோ கரைவது, குடலிலிருந்து இரத்தத்தில் கலப்பது.

கலந்தபின் நிகழ்வது யாது? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு வீடாகவும், இரத்தத்தைத் தெருவாகவும் கொள்வோம். பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து ஒரு வாயிலால் வீட்டினுள் புகும். மற்றொரு வாயிலால் தெருவுக்கு வரும். பேரியம் வெளிவாயிலை அடைத்துவிடுகிறது. உள்ளே புகுவது மட்டும் ஓயாது நடக்கவே, தெரு வெறிச்சோடுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் வற்றினால் கைகால் தளரும். இதயம் தாளந்தவறித் துடிக்கும். சில வேளைகளில் நின்றும் போகும்.

ஒரு லிட்டர் இரத்த நீரில் பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. 2.5-க்குக் கீழ் இறங்குவது கடுங்குறைவு. இந்த எண்ணையும் ஈ.சி.ஜி. வரைபடத்தையும் ஒருங்கு நோக்கியே மருத்துவர் அபாயத்தை மதிப்பிடுவர். ஒருமுறை பார்த்தல் போதாது. வாயில் மீண்டும் திறந்தவுடன் உள்ளிருந்த பொட்டாசியம் தெருவுக்குத் திரளாக வந்து, அளவு மிஞ்சவும் கூடும். மிகுதியும் இதயத்திற்குப் பகையே. ஆகவே பொட்டாசியத்தை ஏற்றும்போதே அடிக்கடி அளந்தறிதல் இன்றியமையாதது.

இவ்வாறு நோயின் நிலையை உரைக்கும் இரத்தப் பொருள்களை உயிர்க்குறிகள் என்பர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயில், ட்ரோபோனின் போன்ற குறிகள் பக்கவாத அபாயத்தை மதிப்பிட உதவுகின்றன. ஆயினும் எந்தக் குறியும் தானே தீர்ப்பன்று. வயது, முன்னைய நோய், வரைபடம் ஆகியவற்றோடு சேர்த்தே அதனைப் படித்தல் வேண்டும்.

வேதியியல் வகுப்பில் பச்சைச் சுடரைக் காட்டி மாணவரை மகிழ்வித்தவன் நான். அச்சுடரின் மறுபுறத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். குழந்தை மத்தாப்பு மருந்தைத் தின்றுவிட்டால், "வாந்தி எடுத்தால் சரியாகிவிடும்" என்று காத்திராதீர்கள். தின்ற பொருளின் மிச்சத்தையும் உறையையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது. "பட்டாசு மருந்தைத் தின்றது" என்று முதற்கண் சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் மருத்துவர் பொட்டாசியத்தை உடனே அளந்து பார்க்க நினைப்பார்.